மிதக்கும் மூடி, மூழ்கும் பாட்டில்

காலித் தண்ணீர் பாட்டில் ஒன்றின் உடலிலிருந்து ஒரு துண்டும், மூடியிலிருந்து ஒரு துண்டும் வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழி போகும்படி விரலால் அழுத்திவிடுங்கள். மூடித் துண்டு மேலே வந்துவிடும். பாட்டில் துண்டு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பாட்டிலின் உடல் பெட் என்ற பிளாஸ்டிக்; கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.38 கிராம் எடை. மூடி பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன். இரண்டுமே தண்ணீரைவிட இலேசானவை. மறுசுழற்சி ஆலைகளும் இதைத்தான் செய்கின்றன. பாட்டில்களைச் சில்லுகளாக நொறுக்கித் தொட்டியில் கொட்டினால், மிதப்பது ஒரு வழியில் போகும், மூழ்குவது இன்னொரு வழியில்.

ஒரு நாட்டின் பிளாஸ்டிக் குப்பைச் சிக்கலில் பெரும்பகுதி இந்த டம்ளருக்குள் இருக்கிறது என்பேன்.

எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு உருக்கினால் என்ன? உருகும், ஆனால் கலக்காது. பிளாஸ்டிக் என்பது ஆயிரக்கணக்கான கண்ணிகள் கோத்த மூலக்கூறுச் சங்கிலி. சின்ன மூலக்கூறுகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்க எத்தனையோ விதங்கள் உண்டு. நீண்ட சங்கிலிகளுக்கு அந்தச் சுதந்திரம் மிகக் குறைவு. இரண்டு வகைகளை எவ்வளவு கிளறினாலும், எண்ணெயும் தண்ணீரும்போலத் தனித்தனித் திட்டுகளாக ஒதுங்கிவிடுகின்றன. திட்டும் திட்டும் சந்திக்கும் இடத்தில் பொருள் விரிசல் விடும்.

பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் சேர்ந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். பெட் உருக ஏறக்குறைய 250 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பி.வி.சி. அந்தச் சூட்டைத் தாங்காமல் சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளிவிடும். அந்த அமிலம் பெட் சங்கிலிகளையே துண்டாக்கி, கண்ணாடிபோல் வரவேண்டிய பொருளை மஞ்சளாக்கிவிடும். இதற்குச் சிறிதளவு பி.வி.சி.யே போதும். பி.வி.சி.யும் தண்ணீரில் மூழ்கும் என்பதால் தொட்டி அதைக் காட்டிக்கொடுக்காது. பெரிய ஆலைகளில் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, ஒவ்வொரு பிளாஸ்டிக்கும் எந்த அலைநீளத்தை விழுங்குகிறது என்று பார்த்து, வேண்டாததைக் காற்றுப் பீச்சலால் ஊதித் தள்ளுகிறார்கள். நம் ஊர் பழைய இரும்புக் கடைகளில் இதே வேலையைக் கையும் காதும் மூக்கும் செய்கின்றன. கசக்கும்போது எழும் சத்தம், விரலுக்குத் தட்டுப்படும் வழவழப்பு, ஓரத்தைப் பொசுக்கினால் வரும் வாடை இவற்றை வைத்தே வகை சொல்லிவிடுகிறார்கள். இந்த அறிவுக்குச் சான்றிதழ் இல்லை. ஆனால் நாட்டின் மறுசுழற்சி இதன்மேல்தான் நிற்கிறது.

அந்தக் கைகள் தொடாமல் விடும் பொருள் ஒன்று உண்டு. சிப்ஸ் பாக்கெட்டைக் கிழித்து உட்பக்கம் பாருங்கள். அங்கே மின்னுவது அலுமினியம். வெற்றிடத்தில் அதை ஆவியாக்கிப் பிளாஸ்டிக் படலத்தின்மேல் படியவைக்கிறார்கள். அதன் கனம் சில பத்து நானோமீட்டர். தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லிய பூச்சு ஆக்சிஜனையும் ஈரத்தையும் தடுத்து, மாதக்கணக்கில் மொறுமொறுப்பைக் காக்கிறது. வியக்கவேண்டிய வேலைதான். ஆனால் படலம், உலோகம், பசை, மை, மீண்டும் படலம் என்று ஒட்டியதை எந்தத் தொட்டியும் பிரிக்காது. எடையோ சில கிராம். ஒரு கிலோ சேர்க்க நூற்றுக்கணக்கில் குனிந்து பொறுக்க வேண்டும். யார் பொறுக்குவார்கள்?

இந்தக் கணக்கைச் சட்டமும் புரிந்துகொண்டிருக்கிறது. இந்தியாவில் கேரி பேக்கின் குறைந்தபட்சக் கனம் 2016 விதிகளில் 50 மைக்ரான். 2021 செப்டம்பர் இறுதியில் அது 75 ஆயிற்று. 2022 டிசம்பர் இறுதியில் 120. பிளாஸ்டிக்கைக் குறைக்கச் சொல்லிவிட்டு ஏன் கனமாக்கச் சொல்கிறார்கள் என்று பலர் கேட்பதுண்டு. கனமான பைக்குப் பழைய இரும்புக் கடையில் விலை உண்டு, அதனால் அது திரும்பச் சேகரிக்கப்படும். அதைச் சும்மா கொடுக்கப் பொருள் விற்கும் கடைக்காரருக்கும் கட்டாது. 2022 பிப்ரவரியில் வந்த வழிகாட்டுதல்கள் இன்னொரு படி மேலே போய், பாக்கெட்டை விற்ற நிறுவனமே அதன் கழிவுக்கும் பொறுப்பு என்றன. அவற்றில் கெட்டிப் பிளாஸ்டிக், நெகிழும் பிளாஸ்டிக், பல அடுக்குப் பிளாஸ்டிக் என்று தனித்தனியே வகை பிரித்திருப்பதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். பிரிக்க முடியாததைத் தயாரிப்பவருக்கு அதன் செலவு உறைக்கும் நாளில், ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் பாக்கெட் செய்ய வழி தேடுவார்.

ஜெர்மனி 2003இல் வேறொரு வழி பிடித்தது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பாட்டிலை வாங்கும்போது 25 சென்ட் முன்பணம். கடையிலுள்ள இயந்திரத்தில் காலிப் பாட்டிலைப் போட்டால் அது திரும்பக் கிடைக்கும். 90 சதவீதத்துக்கும் மேல் திரும்பி வருகின்றன. அதைவிடப் பெரிய லாபம், வருவதெல்லாம் சாம்பார் படாத, வேறு வகை கலக்காத பெட். அதனால் பாட்டில் மறுபடியும் பாட்டிலாகவே மாற முடிகிறது. நம் நீலகிரியில் 2022 முதல் டாஸ்மாக் மதுக்கடைகளின் கண்ணாடிப் பாட்டில்களுக்கு 10 ரூபாய் முன்பணம் வாங்குவதும் இதே வழிதான். காட்டில் உடைந்து கிடந்த சில்லுகள் விலங்குகளின் காலைக் கிழித்ததால் உயர் நீதிமன்றம் தலையிட்டு இதைக் கொண்டுவந்தது.

பிரிக்கும் வேலையை நுண்ணுயிரிடம் விட்டுவிட்டால் என்ன? ஜப்பானின் சகாய் நகரில், பாட்டில் மறுசுழற்சி ஆலை அருகே எடுத்த மாதிரிகளிலிருந்து பிளாஸ்டிக் தின்னும் பாக்டீரியா ஒன்றைக் கண்டுபிடித்து 2016இல் அறிவித்தார்கள். மெல்லிய பெட் படலத்தைச் சில வாரங்களில் அரித்துவிடும். அதுவும் பெட்டைத்தான் தின்கிறது. பாலிஎத்திலீன் பையைத் தின்பதில்லை. நுண்ணுயிருக்கும் நாம் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும்.

கலந்த குப்பையைப் பிரிப்பதைவிடக் கலக்காமல் இருப்பது மலிவு. புனேயில் குப்பை பொறுக்கும் தொழிலாளர்களே உறுப்பினர்களான ‘ஸ்வச்’ என்ற கூட்டுறவு அமைப்பு, மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு வீடுவீடாகக் குப்பை எடுக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒவ்வொரு வீடும் மாதக் கட்டணம் தருகிறது. உலர் குப்பையை விற்ற பணமும் அவர்களுக்கே. சோறும் குழம்பும் படாமல் வாசலில் வாங்கும் பாட்டிலுக்குக் குப்பைமேட்டில் கிளறி எடுப்பதைவிட நல்ல விலை. பயன்படுத்திய நாப்கினைத் தாளில் சுற்றிச் சிவப்புப் புள்ளி வைத்துத் தரும்படி அவர்கள் வீடுகளைக் கேட்கிறார்கள், பிரிக்கும்போது தெரியாமல் கை அதில் பட்டுவிடாதிருக்க.