கல்லில் பெயர் பெற்ற நாய்

நீங்கள் ஆசையாக வளர்த்த நாய் இறந்தபோது அழுதிருக்கிறீர்களா? "நாய்க்காகவா அழுகிறாய்?" என்று யாரேனும் கேலி செய்தார்களா? அப்படியானால் இக்கட்டுரை உங்களுக்காகவே.

எங்கள் மல்லசமுத்திரம் பக்கத்தில் தோட்டத்துச் சாளைகள் ஒன்றுக்கொன்று தள்ளியே இருக்கும். இரவில் ஆட்டுப்பட்டிக்கு நாயே காவல். அது இறந்தால் வீடே கலங்கிப் போகும். இந்தத் துக்கத்தால் வகுப்புக்கு வராத மாணவர் ஒருவர், வெட்கப்பட்டு, 'காய்ச்சல்' என்று விடுப்புக் கடிதம் எழுதியதை நான் அறிவேன். வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது?

நம் முன்னோர் வெட்கப்படவில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது, ஏறத்தாழ 1,400 ஆண்டுப் பழமை உடையது. எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட வீரனுக்காக எழுப்பிய கல் அது. அவன் உருவத்தின் அருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்ற அந்த நாய், கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியையும் கல்லில் பொறித்திருக்கிறார்கள்.

கருநாடகத்தின் ஆதகூர்க் கல்வெட்டும் இத்தகையதே. கி.பி. 949-இல் நடந்த தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்டதைக் கூறும் அதே கல், காட்டுப்பன்றியோடு போராடி உயிர்விட்ட காளி என்ற வேட்டை நாயையும் போற்றுகிறது!

இந்த உறவு இன்னும் பழமையானது. ஜெர்மனியின் பான் நகருக்கு அருகில் 1914-இல் ஒரு புதைகுழி கண்டெடுக்கப்பட்டது. சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அதில் புதைக்கப்பட்டிருந்தனர். உடன் ஒரு நாய்க்குட்டியும் இருந்தது. அதன் பற்களை ஆராய்ந்தவர்கள், அக்குட்டி டிஸ்டெம்பர் நோயால் வாரக்கணக்கில் துன்புற்றிருக்க வேண்டும் என்று 2018-இல் வெளியிட்டனர். மனிதர் பராமரிக்காமல் அது அத்தனை நாள் பிழைத்திருக்க முடியாது என்பது அவர்கள் முடிவு.

துயரம் ஏன்?

நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நோக்கும்போது, இருவர் உடலிலும் ஆக்சிடோசின் என்னும் ஹார்மோன் மிகுவதை 2015-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டனர். தாயையும் சேயையும் பிணைப்பதில் பங்கு கொள்ளும் ஹார்மோன் இதுவே.

பழக்கமும் ஒரு காரணம். நம் செவி வினாடிக்கு 20,000 அதிர்வுகள் வரையே உணரும். நாயின் செவி சுமார் 45,000 வரை உணரும். மெல்லிய ஒலியும் அதற்குக் கேட்கும். அப்பாவின் வண்டி வருவதை அது முதலில் அறிந்து வாசலுக்கு ஓடும். அதைப் பார்த்து நாமும் எழுவோம். நாய் இறந்த பிறகும் மாலையானால் நம் கண் வாசலைத் தேடுகிறது. ஓடும் பேருந்து சட்டென்று நின்றால் நம் உடல் முன்னே சாய்கிறதல்லவா? அதுபோலத்தான் இதுவும். மனம் புதிய நிலைக்குப் பழகச் சில நாள் ஆகும். இது பலவீனம் அன்று.

நாம் என்ன செய்யலாம்? கல் வெட்ட வேண்டியதில்லை; ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நாயின் பெயர், அது வந்த நாள், மறைந்த நாள், அது செய்த ஒரு செயல் ஆகியவற்றை எழுதி வையுங்கள். உங்கள் நண்பனின் நாய் இறந்தால் கேலி செய்யாதீர்கள். "அதன் பெயர் என்ன?" என்று கேளுங்கள். அவன் சொல்லத் தொடங்குவான். நீங்கள் பொறுமையாகக் கேளுங்கள்.