பையன் ஏன் எரிந்து விழுகிறான்?

பன்னிரண்டு வயது வரை கலகலவென்று பேசிய பையன், திடீரென்று மூலையில் போய் உட்காருகிறான். என்னவென்று கேட்டால், "ஒன்றுமில்லை" என்கிறான். மறுபடி கேட்டால் எரிந்து விழுகிறான். பெண் பிள்ளையோ சோற்றைப் பிசைந்துவிட்டு, உண்ணாமலே எழுந்துவிடுகிறாள்.

"திமிர்" என்கிறார் தகப்பனார். "கண் பட்டுவிட்டது" என்கிறாள் பாட்டி. இரண்டும் இல்லை. பிள்ளையின் மனதில் பாரம் ஏறியிருக்கிறது.

எலிகள் சொன்ன பாடம்

மனப்பாரம் உடம்பையும் கெடுக்கும்.

1936-ம் ஆண்டு, கனடா நாட்டின் மான்ட்ரீல் நகரில் ஹான்ஸ் செல்யே என்ற ஆராய்ச்சியாளர் எலிகளைச் சோதித்தார். சில எலிகளைக் குளிரில் வைத்தார். சில எலிகளை அளவுக்கு மீறி ஓடவிட்டார். துன்பம் வேறு வேறு. ஆனால், உடம்பில் வந்த கேடு ஒன்றுதான். இரைப்பையில் புண் உண்டாயிற்று!

மனிதருக்குப் பயம் வந்தால், சிறுநீரகத்தின் மேல் உள்ள சுரப்பிகள் 'அட்ரினலின்' என்ற நீரைச் சுரக்கின்றன. நெஞ்சு படபடக்கிறது. கை வேர்க்கிறது. சிறிது நேரம் என்றால் தீங்கில்லை. பரீட்சை எழுத அது ஊக்கம்கூடத் தரும். கவலை மாதக்கணக்கில் நீடித்தால்தான் ஆபத்து. தூக்கம் கெடும். தலைவலி வரும். படித்தது மறந்துபோகும்.

பேச ஆள் இல்லை

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஆவடி தொழிற்சாலைகளிலும் வேலை செய்வோர் பலருக்கு 'ஷிப்டு' வேலை. பிள்ளை பள்ளிக்கூடம், டியூசன் முடித்து வீடு திரும்பும்போது தகப்பனார் வேலைக்குப் போயிருப்பார். தாயாரும் களைத்திருப்பார். பிள்ளை யாரிடம் மனம்விட்டுப் பேசும்?

என்ன செய்யலாம்?

தூக்கம்: 13 வயது முதல் 18 வயது வரை, தினமும் 8 மணி முதல் 10 மணி நேரம் தூங்கவேண்டும். படுக்கையில் செல்போன் கூடாது.

விளையாட்டு: தினமும் ஒரு மணி நேரம் உடம்பு அசையவேண்டும். பந்து ஆடலாம். சைக்கிள் ஓட்டலாம். ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடைபாதை இருக்கிறது. தகப்பனாரும் பிள்ளையும் சேர்ந்து நடக்கலாம். நடக்கும்போது பேச்சு தானாக வரும்.

மூச்சு: படபடப்பு வந்தால், மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடவேண்டும். ஐந்து நிமிடத்தில் நெஞ்சு அடங்கும்.

காது: பிள்ளை பேசும்போது குறுக்கே பேசாதீர்கள். "உன் வயதில் நான்..." என்று தொடங்காதீர்கள். கேட்டாலே பாதி பாரம் இறங்கும்.

மார்க்கு: பொதுத்தேர்வில் முதல் இடம், இரண்டாம் இடம் என்று பெயர் வெளியிடுவதை 2017-ம் ஆண்டிலேயே தமிழக அரசு நிறுத்திவிட்டது. அரசு விட்டதை வீடு பிடித்துக்கொண்டிருக்கலாமா? அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். தோற்றாலும் அதே ஆண்டில் துணைத்தேர்வு எழுதலாம். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் என்று வேறு வழிகளும் உண்டு.

அசட்டை வேண்டாம்

இரண்டு வாரத்துக்கு மேல் பிள்ளை சிரிக்கவில்லையா? நண்பர்களை ஒதுக்குகிறதா? டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

"நான் இருந்து என்ன பயன்?" என்று சொன்னால், விளையாட்டுப் பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். சாக நினைக்கிறாயா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பிள்ளையைத் தனியே விடாதீர்கள். உடனே 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய மனநல உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். கட்டணம் இல்லை.

போன மார்க்கை அடுத்த பரீட்சையில் வாங்கிவிடலாம். பிள்ளையை வாங்க முடியுமா?