புளிப்பின் அளவும் மதுவத்தின் விளைவும்

அறுசுவையுள் புளிப்பிற்கு நெய்தல் நிலத்தில் தனிச் சிறப்புண்டு. கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடைப்பட்ட காட்டுப்பள்ளி முதல் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்கள் வரை, வலையில் விழுவது மடவையாயினும் இறாலாயினும் புளி கரைத்தே குழம்பாகிறது. மீனின் கவிச்சிக்குக் காரணமான அமீன்கள் காரத் தன்மையுடையவை. புளியிலுள்ள அமிலம் அவற்றைச் சமன்செய்து மணத்தை அடக்குகிறது. அறிவியல் ஏடுகள் எழுதப்படுவதற்கு முன்பே நம் அடுக்களை அறிந்திருந்த உண்மை இது.

புளியில் மிகுந்திருப்பது டார்டாரிக் அமிலம். எலுமிச்சையில் மிகுந்திருப்பது சிட்ரிக் அமிலம். பின்னதை 1784இல் சுவீடன் நாட்டு வேதியியலார் ஷீலே எலுமிச்சைச் சாற்றிலிருந்து படிகமாகப் பிரித்தார். இன்று குளிர்பானம், பழக்கூழ், மிட்டாய், மருந்து ஆகியவற்றில் சேரும் சிட்ரிக் அமிலமோ பெரும்பாலும் பழத்திலிருந்து வருவதன்று. நுண்ணுயிர்களைச் சர்க்கரைக் கரைசலில் வளர்த்துப் பெறப்படுவது. அவ்வுயிர்களுள் முதன்மையானது ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்னும் கரும்பூஞ்சை. மற்றொன்று யாரோவியா லிப்போலிட்டிக்கா என்னும் ஈஸ்ட்.

ஈஸ்டினைத் தமிழில் ‘மதுவம்’ என வழங்குகிறோம். இச்சொல்லுள் ‘மது’ ஒளிந்திருப்பதால், மதுவத்தின் வழிப் பிறந்த அமிலம் நமக்கு ஆகுமா என்னும் ஐயம் நம் சமுதாயப் பெரியோர்க்கு எழுவது இயல்பே. சொல்லாராய்ச்சி ஒருபுறமிருக்க, பொருளை ஆராய்வோம். ரொட்டியைப் பொங்கச் செய்யும் மதுவம் சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றவல்லது. யாரோவியா அவ்வினத்ததன்று. உயிர்வளியின்றி அது வாழாது. சர்க்கரையை உண்டு சாராயம் ஈவதுமில்லை. அது எதனை ஈயும் என்பதைத் தீர்மானிப்பவற்றுள் தலையானது, அது வாழும் கரைசலின் புளிப்பளவு.

இவ்வளவைக் குறிக்கும் பி.எச். என்னும் அளவுகோலை டென்மார்க் அறிஞர் சோரன்சன் 1909இல் வகுத்தார். தூய நீர் 7. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒரு படி இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு ஏறும். 6இலிருந்து 3க்கு இறங்கிய கரைசல், எனவே, ஆயிரம் மடங்கு புளித்ததாகும்.

கரைசலில் தழைச்சத்துத் தீர்ந்ததும் யாரோவியாவின் வளர்ச்சி நிற்கிறது. சர்க்கரையை உண்பதோ நிற்பதில்லை. உயிரணுவுக்குள் சிட்ரிக் அமிலத்தை மேற்கொண்டு மாற்றும் பாதையிலுள்ள நொதி தளர்ந்துவிடுவதால், அமிலம் தேங்கி வெளியே வழிகிறது. வழிய வழியக் கரைசல் புளிக்கிறது. பி.எச். 5 முதல் 6 வரை இருக்குங்கால் இவ்விளைச்சல் செழிக்கும். 3ஐ ஒட்டி இறங்கினால், உள்ளே புகும் அமிலத்தன்மையை வெளியேற்றித் தன் அகத்தை நடுநிலையில் வைக்கவே உயிரணு ஆற்றலைச் செலவிட நேர்கிறது. சிட்ரிக் அமிலம் குறைந்து, எரித்ரிட்டால் போன்ற இனிப்பு ஆல்கஹால்கள் மிகுகின்றன. பெயரில் ஆல்கஹால் என்றிருப்பினும் இவை மயக்கந் தருவன அல்ல. ஆதலின் சோடா காரமோ சுண்ணாம்புக் கார்பனேட்டோ அவ்வப்போது சேர்த்துப் புளிப்பைத் தணிக்கின்றனர். தன் விளைவே தனக்குத் தடையாகும் நிலையை இவ்வாறு தவிர்க்கின்றனர்.

கரும்பூஞ்சையின் இயல்பு இதற்கு நேர்மாறானது. பி.எச். 5ஐ ஒட்டிய நிலையில் அது சர்க்கரையைக் குளுக்கோனிக் அமிலமாகவும் ஆக்சாலிக் அமிலமாகவும் திசைதிருப்பிவிடும். புளிப்பு மிகுந்து பி.எச். 3க்குக் கீழே சென்றால் அத்திசை திருப்பும் நொதிகள் செயலிழக்க, சிட்ரிக் அமிலமே மிகும். 1917இல் அமெரிக்கர் ஜேம்ஸ் கரி இதனை வெளியிட்டார். இரண்டே ஆண்டுகளில் தொழிற்சாலை உற்பத்தி தொடங்கிற்று. கடும்புளிப்பில் வேற்றுக் கிருமிகள் நுழைவதும் அரிது. மதுவத்தின் மென்புளிப்போ அவற்றுக்கும் இடந்தரும். அன்றியும் அங்கே கிடைப்பது சிட்ரேட் உப்பாதலின் அதனை மீண்டும் அமிலமாக்கும் செலவும் உண்டு. தொழிலுலகில் பூஞ்சை முந்தி நிற்பதன் காரணங்களுள் இவையும் அடங்கும்.

எனினும் மதுவத்திற்கு வேறொரு சிறப்புண்டு. கொழுப்பையும் கனிம எண்ணெயையும்கூட அது உணவாக்கும், உப்புநீரையும் தாங்கும். மும்பையை அடுத்த எண்ணெய் படிந்த கடல்நீரிலிருந்தே இதன் வகையொன்றைப் பிரித்தெடுத்துப் புனே ஆய்வாளர்கள் ஆராய்ந்துள்ளனர். 2017 ஜனவரி 28ஆம் நாள் எண்ணூர்த் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்ததையும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி மீனவர் வலையும் வாழ்வும் கறைபட்டதையும் நாம் மறப்பதற்கில்லை. அக்கறையை இம்மதுவம் துடைத்துவிடும் என்று சொல்வது மிகையாகும். ஆயினும் நம் கரையின் நீரிலும் சேற்றிலும் எவ்வெவ் வகைகள் வாழ்கின்றன என ஆராய்வது, இப்பகுதி மாணவர்க்கு வாய்த்த அரிய பணியாகும்.

மார்க்கத் தீர்ப்பு வழங்குவது உலமாப் பெருமக்களின் கடமை. அதில் நாம் தலையிடோம். மது தானே காடியாக மாறியபின் அதன் சட்டமும் மாறுகிறது என்பதை அவர்கள் நன்கறிவர். ஈண்டு மதுவே பிறக்கவில்லை என்னும் உண்மையை அவர்கள்முன் வைப்பதே நம் பணி. பெயரைக் கண்டு ஒதுக்குவதினும், பெயரைக் கண்டு நம்புவதினும், பொருளின் மெய்ம்மையைத் தேர்ந்து தெளிதலே கற்றார்க்கு அழகாகும்.