மேசை கலைந்த பிறகு
(பகடையும் கதையும் - 9)

சென்ற வாரம் கொல்லிமலையை ஆட்டக்களமாக வரைந்து முடித்தோம். வல்வில் ஓரியை மலையமான் காரி கொன்று, மலையைச் சேரனுக்குக் கொடுத்துவிட்ட சில நாட்களில் கதை தொடங்குகிறது. வளப்பூர்நாடு, அரியூர்நாடு, குண்டூர்நாடு, தின்னனூர்நாடு என்று மலைமேல் இருக்கும் நாடுகளில் எது யார் பக்கம் என்று தெரியாத குழப்பம். (இன்றைய பெயர்களையே எடுத்துக்கொண்டோம், வரலாற்றாசிரியர்கள் மன்னிக்க.) காட்டுக்குள் எங்கோ, பார்த்தவரை மயக்கிக் கொல்லும் கொல்லிப்பாவை. நான்கைந்து பேர் பாணராகவும் ஓரியின் வில்லாளாகவும் வேடமேற்க, கேம் மாஸ்டர் கதையை நடத்த, மூன்று மணி நேரம் பகடை உருட்டிவிட்டுக் கலைகிறார்கள். அடுத்த ஆட்டம் பதினைந்து நாள் கழித்து. அதுவரை வாட்ஸ்அப் குரூப்பிலோ டிஸ்கார்டிலோ என்ன நடக்கலாம் என்பதுதான் இந்த வாரக் கேள்வி. எங்கே போவது என்பதை அரட்டையில் முடிவு செய்யலாம், போன இடத்தில் என்ன ஆயிற்று என்பதை மேசைக்கு விட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி.

இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே கிடக்கும் நாட்களை ஆட்டத்தின் பகுதியாகவே எண்ணுவது இந்தக் கலையில் ஆதி முதல் உண்டு. 1974-ல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற வேடமேற்கும் ஆட்டம் வெளிவருவதற்கு முன்பே, அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான டேவ் ஆர்னசன், தன் ‘பிளாக்மூர்’ ஆட்டக்காரர்களுக்காக அந்தக் கற்பனை நாட்டின் செய்தியும் வதந்தியும் கலந்த தாள் ஒன்றை எழுதினார். இன்னொருவரான கேரி கைகாக்ஸ் 1979-ல் வெளியிட்ட வழிகாட்டி நூலில், ஆட்டத்துக்கு நாட்கணக்கு கட்டாயம் என்று அடித்துச் சொன்னார். ஆடாத நாட்களிலும் கதைக்குள் காலம் ஓட வேண்டும் என்பது அவர் கணக்கு. இதைவிடத் தெளிவான சான்று பென் ராபின்ஸ் நடத்திய ‘வெஸ்ட் மார்ச்சஸ்’. அதில் ஆட்டத்துக்கு நிலையான நாள் கிடையாது, நிலையான அணியும் கிடையாது. யார் யார், என்றைக்கு, எந்தத் திசையில் போகிறோம் என்பதை ஆட்டக்காரர்களே மின்னஞ்சலில் பேசி முடிவு செய்து சொல்ல வேண்டும். அவர் அந்தத் திசைக்கு மட்டும் தயாராவார். போய் வந்தவர்கள் எழுதியதைப் படித்து, போகாதவர்கள் தங்கள் பயணத்தைத் திட்டமிட்டார்கள். அங்கே கடிதப் போக்குவரத்து நின்றிருந்தால் ஆட்டமே நின்றிருக்கும்.

நம் மலைக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். காரவள்ளிப் பக்கமாகவும் ஏறலாம், இன்று அங்கே எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. திருச்சி மாவட்டப் பக்கம் புளியஞ்சோலையிலிருந்து காட்டுவழியாகவும் ஏறலாம். எந்த வழி என்று தெரியாவிட்டால் கேம் மாஸ்டர் இரண்டையும் எழுதிவைக்க வேண்டும், பாதி குப்பைக்குப் போகும். “புளியஞ்சோலை வழியா ஏறலாம்டா, காரவள்ளில சேரன் காவல் இருக்கும்.” “கயிறு யார்கிட்ட இருக்கு?” “போன தடவ ஆகாயகங்கையிலயே விட்டுட்டு வந்துட்டோம்.” மேசையில் அரை மணி நேரத்தைத் தின்னும் பேச்சு இது, குரூப்பில் மூன்றே வரியில் தீர்ந்துவிட்டது. ஆனால் நான்காவதாக ஒருவர், “அப்போ நான் ராத்திரியே தனியா போய்ப் பாவையைப் பாத்துட்டு வந்துடறேன்” என்று போடுகிறார். கேம் மாஸ்டர் ஆர்வத்தில் பதில் எழுதிவிட்டால் போச்சு. மற்றவர்கள் மறுநாள் காலையில் போனைத் திறக்கும்போது கதையின் உச்சக்கட்டம் முடிந்திருக்கும். மேசையில் என்றால் பகடை எல்லார் கண்முன்னும் விழும், யாராவது ஒருவர் அவர் கையைப் பிடித்து இழுத்திருப்பார். “அதை மேசையில பாத்துக்கலாம்” என்பதுதான் சரியான பதில்.

அரட்டை, நேரம் உள்ளவர்களின் ராஜ்யம் என்பார்கள். இரவு ஷிஃப்ட் போகிறவரும், சிக்னல் விட்டுவிட்டு வரும் ஊரில் இருப்பவரும் பேசுவதற்குள் மற்றவர்கள் முடிவெடுத்துவிடுவார்கள் என்பது நியாயமான பயம். அரட்டையின் அதிகாரத்தை நான் வழியோடும் மூட்டையோடும் நிறுத்துவது இதனால்தான். கெடுவும் வேண்டும். 1959-ல் வெளிவந்த ‘டிப்ளமசி’ பலகை ஆட்டத்தை 1963-லேயே ஜான் போர்ட்மேன் அஞ்சல் வழியில் நடத்தத் தொடங்கினார். அஞ்சல் ஆட்டத்தில் எல்லாரும் கெடுவுக்குள் உத்தரவுகளை எழுதி அனுப்ப, அவை ஒரே சமயத்தில் வெளியாகும், முந்திக்கொண்டவருக்கு லாபமில்லை. அப்படியானால் முழு ஆட்டத்தையும் எழுத்திலேயே ஆடலாமே என்று அடுத்த கேள்வி வரும். டிப்ளமசியில் பகடையே இல்லை, ரகசியப் பேரம்தான் ஆட்டம். கடிதம் அதற்கு இன்னும் வசதி. வேடமேற்கும் ஆட்டத்திலோ ஒருவர் சொன்ன மறுகணம் இன்னொருவரின் முடிவு மாறும். அதையும் எழுத்தில் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஒரே சண்டை வாரக்கணக்கில் இழுக்கும். அந்தப் பொறுமை உள்ளவர்களுக்கு அது வேறொரு நல்ல ஆட்டம். திட்டத்தை முன்கூட்டியே பேசினால் சுவாரசியம் போய்விடும் என்ற வாதம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. புளியஞ்சோலைப் பக்கமும் சேரன் காவல் வைத்திருக்கிறானா என்பது கேம் மாஸ்டருக்கு மட்டும்தானே தெரியும்?

ஆகவே குரூப் தொடங்கும் அன்றே கேம் மாஸ்டர் ஒரு செய்தியை எழுதிப் பின் செய்துவிடட்டும்: வழி, சாமான், போன ஆட்டத்தின் சுருக்கம் இவை இங்கே, பகடை தேவைப்படும் எதுவும் இங்கே இல்லை, முடிவு சொல்லக் கெடு ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்பு. அடுத்த வாரம், யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஒரே அம்பால் துளைத்த ஓரியின் வில்லுக்கு எத்தனை பகடை கொடுப்பது என்று பார்ப்போம்.

(தொடரும்)