ஒருமுறைக் கடவுச்சொல்லும் அதன் பாதுகாப்பும்

ஒருமுறைக் கடவுச்சொல் அல்லது ஓடிபி என்பது ஒரே ஒரு பரிவர்த்தனைக்கோ ஒரே ஒரு நுழைவுக்கோ மட்டும் செல்லுபடியாகும் எண் ஆகும். பெரும்பாலும் 4 முதல் 6 இலக்கங்கள் கொண்ட இது, சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும். இந்தியாவில் இணையவழி அட்டைப் பரிவர்த்தனைகளுக்கு, அட்டையில் அச்சிடப்பட்ட விவரங்களோடு கூடுதல் சரிபார்ப்பும் தேவை என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2009 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சரிபார்ப்புக்கு ஓடிபி பரவலாகப் பயன்படுகிறது.

செயல்படும் விதம்

கடவுச்சொல் ஒருவருக்குத் தெரிந்த ஒன்று. ஓடிபி அவர் கையில் உள்ள ஒன்றை, அதாவது கைப்பேசியை, அடிப்படையாகக் கொண்டது. ஆகவே கடவுச்சொல் திருடுபோனாலும் கைப்பேசி உரியவரிடம் இருக்கும்வரை கணக்கைத் திறப்பது கடினம். ஆனால் வங்கியின் கணினி, வந்த எண் சரியா என்பதை மட்டுமே பார்க்கும். அதை உள்ளிட்டவர் உரியவரா, திருடரா என்பது அதற்குத் தெரியாது. மோசடிகள் அனைத்தும் இந்த இடைவெளியைப் பயன்படுத்துகின்றன.

திருடப்படும் வழிகள்

பேச்சு: வங்கி அதிகாரி போல் பேசுபவர், அட்டை முடக்கப்படும் என்று அவசரப்படுத்துவார். பணம் எடுப்பதற்கான மற்ற விவரங்களை அவர் ஏற்கெனவே உள்ளிட்டிருப்பார். ஓடிபி மட்டுமே பாக்கி. நண்பரின் வாட்ஸ்அப் எண்ணிலிருந்து, "தவறுதலாக உங்களுக்கு ஒரு எண் வந்திருக்கும், அனுப்புங்கள்" என்று கேட்பதும் இவ்வகையே. அந்த நண்பரின் கணக்கு முன்பே பறிபோயிருக்கும்.

போலிச் செயலி: திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதம் என்ற பெயர்களில் ஏபிகே கோப்புகள் வருகின்றன. நிறுவியதும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். அனுமதித்தால் ஓடிபி உரியவர் அறியாமலேயே வெளியே போய்விடும்.

சிம் மாற்றம்: போலி ஆவணம் காட்டி அதே எண்ணுக்கு வேறு சிம் வாங்குவர். உரியவரின் கைப்பேசியில் சிக்னல் திடீரென நின்றுவிடும்.

பாதுகாப்பு முறைகள்

• குறுஞ்செய்தியில் எண்ணை மட்டும் பார்க்காமல், தொகையையும் நோக்கத்தையும் முழுமையாகப் படிக்க வேண்டும்.
• செயலிகளை அதிகாரப்பூர்வ அங்காடியிலிருந்து மட்டும் நிறுவ வேண்டும். குறுஞ்செய்தி அனுமதி பெற்றுள்ள செயலிகளைக் கைப்பேசி அமைப்புகளில் பார்த்து, தேவையற்றவற்றுக்கு நீக்க வேண்டும்.
• பூட்டிய திரையில் குறுஞ்செய்தி தெரியாதவாறு மறைக்க வேண்டும்.
• வாட்ஸ்அப்பில் இருபடிச் சரிபார்ப்பை இயக்கினால், ஓடிபி கிடைத்தவருக்கும் தனியாக ஒரு பின் எண் தேவைப்படும்.
• மின்னஞ்சலுக்கு, கைப்பேசியிலேயே எண்ணை உருவாக்கும் அங்கீகாரச் செயலியைப் பயன்படுத்தலாம். சிம் மாற்றத்தால் அந்த எண் பிறருக்குக் கிடைக்காது.
• காரணமின்றி நீண்டநேரம் சிக்னல் இல்லையெனில், வேறு தொலைபேசியிலிருந்து சேவை நிறுவனத்தையும் வங்கியையும் அழைக்க வேண்டும்.

பணம் பறிபோனால்

உடனே வங்கிக்கும் 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். திருடிய பணம் பல கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வாய்ப்பு உண்டு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, வங்கி மீதோ வாடிக்கையாளர் மீதோ தவறில்லாத மோசடியை 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை. ஓடிபியைத் தாமே பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரையிலான இழப்பு முழுவதும் வாடிக்கையாளருடையது. தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியைச் சேரும். ஆகவே ஓடிபியைச் சொல்லிவிட்டவருக்கும் புகார் செய்யும் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.