மஞ்சள் உருண்டையும் ரப்பர் கயிறும்

வேலூர் லாங் பஜாரில் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார்: புயல் நேரத்தில் டி.வி.யில் அலை இத்தனை மீட்டர் எழும்பும் என்கிறார்களே, அந்தக் காற்றில் கடலுக்குள் போய் யார் அளக்கிறார்கள்? வேலூர்க்காரருக்குக் கடலைப் பற்றி என்ன கவலை என்று நினைக்க வேண்டாம். படகு போகாத வாரத்தில் மீன் என்ன விலை விற்கும் என்பது அவருக்குத் தெரியும்.

எழும்பப் போவது கணினி போடும் கணக்கு. எழும்பியதை அளப்பது ஒரு மஞ்சள் உருண்டை. 90 செ.மீ. குறுக்களவு, உலோக உடம்பு, உச்சியில் ஆன்டெனா, மினுக்கும் விளக்கு. 1953-ல் வடகடல் பொங்கி நெதர்லாந்தில் 1,800-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதன் பிறகு 1961-ல் அங்கே தொடங்கிய டேட்டாவெல் நிறுவனத்தின் தயாரிப்பு இது. நம் கரையோரம் புதுச்சேரி, தூத்துக்குடி, கோபால்பூர் எனப் பல இடங்களில் ஹைதராபாத்தின் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இதை மிதக்க விட்டிருக்கிறது.

உள்ளே இருக்கும் முடுக்கமானி உருண்டையின் ஏற்ற இறக்கத்தைப் பிடிக்கும். அதை இரண்டு முறை தொகையிட்டால் அலையின் உயரம். பிளஸ் டூ கணக்குதான். சிக்கல் என்னவென்றால், உருண்டை ஏறி இறங்குவதோடு நிற்காமல் சாய்ந்தும் ஆடும். கூடவே முடுக்கமானியும் சாய்ந்தால் புவியீர்ப்பு எது, அலை எது என்று குழம்பிவிடும். அதனால் அதை ஒரு தட்டில் வைத்து, அந்தத் தட்டைத் திரவம் நிரம்பிய கோளத்துக்குள் மெல்லிய கம்பிகளில் தொங்கவிட்டார்கள். தட்டு மகா மந்தம். ஒருமுறை ஆடி முடிக்கவே 40 விநாடி. சில வகைகளில் 120. புயல் அலையோ பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு விநாடிக்கு ஒன்று. தட்டு அசைய மனம் வைப்பதற்குள் அலை போயே போய்விடும். சாயங்கால நெரிசலில் லாங் பஜாரில் மூட்டை சுமப்பவரைப் பாருங்கள்: இடுப்பு வளையும், தோள் ஒதுங்கும், தலைமேல் மூட்டை மட்டும் சாயாமல் போகும்.

எனக்கு இதைவிடப் பிடித்தது கயிறு. நங்கூரத்தோடு இறுக்கிக் கட்டினால் உருண்டை அலைமேல் ஏறவே முடியாது. ஆகவே இடையில் 30 மீட்டர் அளவுக்கு ரப்பர் கயிறு. இழுக்க இழுக்கப் பல மடங்கு நீளும். உருண்டை அதன் போக்கில் ஏறி இறங்கும்.

இப்படி அளந்து 'அலை உயரம் 4 மீட்டர்' என்று சொன்னால், அது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. இரண்டாம் உலகப் போரில் படை இறங்கும் கரைகளுக்கு அலை கணித்த கடலியலாளர்கள் ஸ்வெர்ட்ரப், மங்க் காலத்து அளவுகோல். அந்தக் கூட்டத்தில் 8 மீட்டர் அலையும் ஒன்று வரலாம். இதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் ஓடவிடும் சேனல்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையைக் கடந்த கடலூர்ப் பக்கம் போய், சராசரி என்று சொல்லிப் பார்க்கட்டும்.

உருண்டைக்கு ஆபத்து அலையால் மட்டும் அல்ல. மிதக்கும் எதன் அடியிலும் மீன் கூடும். மீன் கூடினால் படகு வரும். படகை மிதவையிலேயே கட்டுவதும் உண்டு. வலையும் தூண்டிலும் உரசி ரப்பரில் ஒரு வெட்டு விழுந்தால் உருண்டை அறுந்துபோகும். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் ஆழ்கடலில் விட்டிருக்கும் பெரிய மிதவைகளில் சூரியத் தகட்டையே கழற்றிக்கொண்டு போகிறார்கள். மீனவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். துறைமுகத்தில் தட்டி கட்டிவிட்டால் எல்லோருக்கும் சொன்னதாகிவிடுமா? மிதவை அனுப்பும் எண் தன் போனுக்கு எப்படி வந்து சேர்கிறது என்று படகுக்காரருக்கு இறங்குதளத்திலேயே உட்கார்ந்து காட்ட வேண்டாமா? கழற்றிய தகட்டுக்கு வெளியே சொற்பக் காசுதான் தேறும். வேறொன்றை மாட்ட ஒரு கப்பல் புறப்பட வேண்டும். புயல் முடிந்து கடல் அடங்கினால்தான் அதுவும் புறப்படும்.