கோல் குறிப்பிடாத அளவு: மதுரைச் சுற்றுவட்டத் தொல்லிடங்களின் புவி ஆயத்தொலைவுகளும் மாற்றுமுறையும்

ஆய்வுச் சுருக்கம்

மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் அமைந்த தமிழ்-பிராமிக் கல்வெட்டுக் குகைத்தளங்கள், வைகைச் சமவெளியின் அகழாய்விடங்கள் ஆகியவற்றின் அமைவிடத்தை அகலாங்கு, நெட்டாங்கு எண்களால் சுட்டும் வழக்கம் தமிழாய்வில் பரவிவருகிறது. அவ்வெண்கள் எந்த ஆதாரத்தளத்தைச் சார்ந்தவை என்பதையும் உடன் குறித்தாலன்றி அவை முழுமையான இடச்சான்று ஆகா. இந்திய நில அளவைத் துறையின் பழைய இட விளக்கப்படத்திலிருந்து எடுத்த எண்ணை மாற்றமின்றி இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் இட்டால் மதுரைப் பகுதியில் ஏறத்தாழ 225 மீட்டர் பிறழ்வு நேரும். இப்பிறழ்வின் தோற்றத்தையும், கோட்டுச்சட்ட மென்பொருளின் துணையால் அதனை நீக்கும் முறையையும், தொல்லிடப் பாதுகாப்பில் அது பெறும் இன்றியமையாமையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஆயத்தொலைவு, ஆதாரத்தளம், கோட்டுச்சட்டம், இட விளக்கப்படம், தமிழ்-பிராமி, மதுரை.

1. முன்னுரை

சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலத்தின் பரப்பைக் கூறுமிடத்து அதனை அளந்த கோலும் சுட்டப்படுவதுண்டு. ஒரு சதுரக் கோலைக் குழி எனக் கொண்டால், பன்னிருசாண் கோலால் அளந்த குழி 144 சதுரச் சாண். பதினாறுசாண் கோலால் அளந்த குழி 256 சதுரச் சாண். பெயர் ஒன்றாயினும் பரப்பு வேறு. கோல் இன்னதென அறியப்படாதவிடத்துக் குழிக்கணக்கு வெறும் எண்ணாகவே நின்றுவிடும். புவி ஆயத்தொலைவுக்கும் இது முற்றும் பொருந்தும். '10° வடக்கு, 78° கிழக்கு' என்பது ஓர் இடமன்று. எந்த அளவுகோலால் அளக்கப்பட்டது எனக் கூறப்பட்ட பின்னரே அது இடமாகும்.

மதுரை வட்டாரத்தில் இச்சிக்கல் தனிக் கவனத்திற்குரியது. மாங்குளம் குகைத்தளக் கல்வெட்டுகளை இராபர்ட் சிவெல் 1882இல் கண்டறிந்தார். 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் இத்தகைய கல்வெட்டுகளின் மொழி தமிழ் எனக் காட்டினார். 2003இல் ஐராவதம் மகாதேவனின் தொகுப்பு வெளிவந்தது. இந்நெடிய காலத்தில் ஓர் இடத்தைச் சுட்டும் முறையும் மாறிவந்துள்ளது. ஊர்ப்பெயரும் மைல் தொலைவும் கொண்டு சுட்டிய நிலை மாறி, இட விளக்கப்படத்தின் அகலாங்கு, நெட்டாங்கு எண்கள் வந்தன; பின்னர் ஜிபிஎஸ் கருவியின் எண்கள் வந்தன. இறுதியில் கூறிய இரண்டும் தோற்றத்தில் ஒன்றே. அவற்றை அளந்த கோல்கள் வெவ்வேறு. அரிட்டாபட்டி, கீழவளவு, திருவாதவூர், அழகர்மலை, விக்கிரமங்கலம் முதலிய இடங்களை ஒரே வரைபடத்தில் இட முற்படும் ஆய்வாளர் இவ்வேறுபாட்டை எதிர்கொண்டேயாக வேண்டும்.

2. ஓரிடத்திற்கு இரு எண்கள் அமையும் காரணம்

புவி முழுக் கோளமன்று. துருவப் பகுதிகளில் சற்றே தட்டையானது. ஆதலின் நில அளவையாளர் ஒரு நீள்கோளத்தைப் புவிக்குப் பதிலியாகக் கொண்டு கணக்கிடுகின்றனர். அந்நீள்கோளத்தின் அளவும், அது புவியோடு பொருத்தப்பட்ட நிலையும் சேர்ந்ததே 'டேட்டம்' எனப்படும் ஆதாரத்தளம்.

வில்லியம் லாம்டன் 1802இல் சென்னையில் அடிக்கோடு அளந்து தொடங்கிய பணி, பின்னர் மாபெரும் முக்கோண அளவையாக வளர்ந்தது. 78° நெட்டாங்கை ஒட்டிக் குமரிமுனைப் பகுதியிலிருந்து வடக்கே சென்ற அளவை வரிசை அதன் முதுகெலும்பு. லாம்டனுக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட் வகுத்த 1830ஆம் ஆண்டு நீள்கோளமே இந்திய வரைபடங்களின் அடிப்படையாயிற்று. மத்தியப் பிரதேசத்தின் கலியாண்பூர் அதன் தொடக்க நிலையம். இந்திய நிலப்பரப்புக்கு நன்கு பொருந்துமாறு அமைக்கப்பட்டமையால் இந்நீள்கோளத்தின் மையம் புவியின் நிறைமையத்தோடு ஒன்றுவதில்லை.

ஜிபிஎஸ் கருவிகளும் கூகுள் எர்த் போன்ற செயலிகளும் கையாளும் டபிள்யூஜிஎஸ் 84 ஆதாரத்தளமோ உலகம் முழுமைக்கும் உரியது. புவியின் நிறைமையத்தை மையமாகக் கொண்டது. அதன் நிலநடுவரை ஆரம் 63,78,137 மீட்டர். எவரெஸ்ட் நீள்கோளத்தின் ஆரம் இதனினும் ஏறத்தாழ 840 மீட்டர் குறைவு. இவ்விரண்டுக்கும் இடையிலான மைய விலகலாக இந்தியா, நேபாளப் பகுதிக்கு அமெரிக்கப் பாதுகாப்பு வரைபட முகமை வெளியிட்ட மதிப்புகள் மூன்று அச்சுகளில் முறையே 295, 736, 257 மீட்டர். இம்மதிப்புகளிலேயே 10 முதல் 15 மீட்டர் வரை ஐயப்பாடு உண்டு என்பதும் உடன் குறிக்கப்பட்டுள்ளது.

3. நாற்படச் சந்தி: ஓர் எடுத்துக்காட்டு

இந்திய நில அளவைத் துறையின் படவரிசையில் 58ஆம் எண்ணுக்குரிய எஃப், ஜி, ஜே, கே ஆகிய நான்கு பாகைத் தாள்களும் 10° வடக்கு, 78° கிழக்கு என்னும் புள்ளியில் சந்திக்கின்றன. மதுரை நகரம் 58 கே/1 தாளில் அடங்கும். சந்திப்புள்ளி நகருக்கு வடமேற்கே, சமயநல்லூருக்கும் சோழவந்தானுக்கும் இடைப்பட்ட பகுதியில் விழுகிறது. எனவே மதுரையைச் சூழ்ந்த குகைத்தளங்களைத் தொகுப்போர் ஒரே தாளோடு நின்றுவிட இயலாது.

எவரெஸ்ட் ஆதாரத்தளத்தில் இப்புள்ளியின் எண் 10° 00′ 00″, 78° 00′ 00″. மேற்கண்ட மதிப்புகளைக் கொண்டு டபிள்யூஜிஎஸ் 84க்கு மாற்றினால் கிடைப்பது 10° 00′ 05.9″ வடக்கு, 77° 59′ 55.5″ கிழக்கு. இடம் நகரவில்லை, எண்ணே மாறுகிறது. அகலாங்கில் ஏறத்தாழ 180 மீட்டருக்கும் நெட்டாங்கில் ஏறத்தாழ 135 மீட்டருக்கும் உரிய வேறுபாடு இது. மாற்றாமல் பழைய எண்ணையே செயற்கைக்கோள் படத்தில் இட்டால், புள்ளி தன் மெய்யிடத்திற்குத் தென்கிழக்கே சுமார் 225 மீட்டர் தள்ளி விழும். குன்றின் உச்சியை ஒட்டிய குகைத்தளம் அடிவாரத்து வயலில் இருப்பதாகத் தோன்றக்கூடும்.

4. மண்டல எல்லையும் மதுரையும்

அகலாங்கு, நெட்டாங்கு ஆகியன கோணங்கள். தொலைவும் பரப்பும் கணக்கிட, வளைந்த புவிப்பரப்பைத் தட்டையான தாளுக்குக் கொணரும் கோட்டுச்சட்டம் வேண்டும். பழைய இட விளக்கப்படங்கள் பல்கூம்புக் கோட்டுச்சட்டத்தில் வரையப்பட்டவை. 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் பொதுப் பயன்பாட்டிற்கு வெளியிடப்பட்ட வரிசை டபிள்யூஜிஎஸ் 84 ஆதாரத்தளத்தையும் யூடிஎம் கோட்டுச்சட்டத்தையும் கொண்டது.

யூடிஎம் முறை உலகை 6° அகலமுள்ள 60 மண்டலங்களாகப் பகுக்கிறது. 43ஆம் மண்டலம் 72° முதல் 78° வரை. 44ஆம் மண்டலம் 78° முதல் 84° வரை. எல்லைக்கோடான 78° மதுரை நகருக்குச் சற்று மேற்கே செல்கிறது. மதுரை, திருப்பரங்குன்றம், கீழடி ஆகியன 44ஆம் மண்டலத்தில் அமைய, உசிலம்பட்டியும், 2006இல் தமிழ்-பிராமி எழுத்துடைய நடுகற்கள் கண்டறியப்பட்ட தேனி மாவட்டப் புலிமான்கோம்பையும் 43ஆம் மண்டலத்தில் விழுகின்றன.

மேற்கூறிய சந்திப்புள்ளியின் அருகே கிழக்குத் தொலைவு 43ஆம் மண்டலத்தில் ஏறத்தாழ 8,29,000 மீட்டர். 44இல் ஏறத்தாழ 1,71,000 மீட்டர். மண்டல எண்ணை மாற்றி உள்ளிட்டால் உசிலம்பட்டி இலங்கைக்கும் அப்பால் வங்காள விரிகுடாவிலும், கீழடி இலட்சத்தீவை அடுத்த அரபிக்கடலிலும் சென்று விழும். இத்தகைய பெரும்பிழை கண்டமாத்திரத்தில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். 225 மீட்டர்ப் பிழை அவ்வாறன்று. மாவட்ட அளவிலான வரைபடத்தில் அது புள்ளியின் பருமனுக்குள் மறைந்துவிடும். களத்திற்குச் செல்லும்போதோ அண்மைப்படத்தில் இடும்போதோதான் வெளிப்படும். ஆய்வாளர் மிகவும் அஞ்சவேண்டியது மறைந்து நிற்கும் சிறுபிழையையே.

5. மென்பொருளில் பெயரிடுதலும் மாற்றுதலும்

கியூஜிஐஎஸ் முதலிய புவித்தகவல் மென்பொருள்களில் ஒவ்வோர் ஆயத்தொலைவு முறைக்கும் ஓர் இபிஎஸ்ஜி எண் உண்டு. டபிள்யூஜிஎஸ் 84 அகலாங்கு-நெட்டாங்கு முறைக்கு 4326. அதன் யூடிஎம் 43, 44ஆம் மண்டலங்களுக்கு முறையே 32643, 32644. கலியாண்பூர் 1975 ஆதாரத்தளத்திற்கு 4146. எவரெஸ்ட் நீள்கோளத்தின் வரையறை பலமுறை திருத்தப்பட்டமையால் கலியாண்பூர் என்னும் பெயரில் 1880, 1937, 1962, 1975 ஆகிய ஆண்டுகளுக்குரிய பதிவுகள் தனித்தனியே உள்ளன. எதனைத் தெரிவு செய்வது என்பதைப் படத்தாளின் விளிம்புக் குறிப்பையும் பதிப்பாண்டையும் கண்டே முடிவு செய்ய வேண்டும்.

இங்கு இரு செயல்களைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று, தரவு எந்த முறையில் உள்ளது என மென்பொருளுக்கு அறிவித்தல், இது பெயரிடுதல். மற்றொன்று, அம்முறையிலிருந்து வேறொரு முறைக்கு எண்களைக் கணக்கிட்டுப் புதிய அடுக்கு உருவாக்குதல், இது மாற்றுதல். ஐம்பது படி நெல்லுள்ள மூட்டையின்மேல் 'ஐம்பது லிட்டர்' என எழுதிவிடுவதால் நெல்லின் அளவு மாறிவிடாது. பெயரிடும் கட்டளையால் மாற்றம் நிகழ்ந்துவிட்டதாகக் கருதுவதே பிழையின் முதல் வாயில்.

வருடிய பழைய படத்தாளைப் பொருத்தும்போது பின்வரும் வரிசை பயன்தரும். முதலில் தாளின் நான்கு மூலைகளிலும் அச்சிட்டுள்ள எண்களை எவரெஸ்ட் ஆதாரத்தளத்திற்குரியனவாகவே உள்ளிட வேண்டும். அவ்வாதாரத்தளத்திலேயே படத்தைப் பொருத்தி, அதன்பின் டபிள்யூஜிஎஸ் 84க்கு மாற்ற வேண்டும். மூலை எண்களைத் தொடக்கத்திலேயே 4326 எனக் குறித்துவிட்டால் தாள் முழுதும் 225 மீட்டர் தென்கிழக்கே சாய்ந்துவிடும். ஆதாரத்தள விலகலைக் குறிக்காமல் நீள்கோளத்தின் பெயரை மட்டும் தந்து முறையை வரையறுத்தாலும் மென்பொருள் எண்களை மாற்றாமலேயே கடத்திவிடும். பிழை அறிவிப்பு ஏதும் எழாமற் போகலாம்.

எனவே விளைவைச் சரிபார்த்தல் கட்டாயம். மீனாட்சியம்மன் கோயில் கோபுரம், வண்டியூர்க் கண்மாய்க் கரை, பழைய இருப்புப்பாதைச் சந்திப்பு போன்று இரு படங்களிலும் ஐயமின்றி அடையாளம் காணத்தக்க, இடைக்காலத்தில் இடம் மாறாத மூன்று நான்கு புள்ளிகளை ஒப்பிட வேண்டும். அனைத்தும் ஒரே திசையில் ஒரே அளவு விலகினால் அது ஆதாரத்தளப் பிழை. வெவ்வேறு திசைகளில் விலகினால் அது பொருத்தும்போது நேர்ந்த பிழை அல்லது தாளின் சுருக்கம்.

6. இலக்கமும் துல்லியமும்

ஒரு கலை என்பது மதுரைப் பகுதியில் ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர். பாகை, கலை அளவில் மட்டும் இடஞ்சுட்டும் பழைய அறிக்கையின் எண்ணை மென்பொருளில் மாற்றினால் பாகையில் ஆறு தசம இலக்கங்களோடு விடை வரும். ஆறாம் தசம இலக்கம் 11 சென்டிமீட்டருக்கு உரியது. ஆயினும் மூலத்தில் இல்லாத நுண்மையை மாற்றம் தந்துவிடாது. எழுத்து சிதைந்த வரியில் உய்த்துணர்ந்த பாடத்தைத் தெளிவான பாடம்போல அச்சிடுவதற்கு நிகரானது இது.

7. பாதுகாப்பு நோக்கில் ஆயத்தொலைவு

மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள நினைவுச்சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதியும், அதனை அடுத்து 200 மீட்டர் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட பகுதியும் 2010ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தால் வரையறுக்கப்பட்டன. இத்தொலைவுகளோடு ஒப்பிட 225 மீட்டர் சிறிதன்று. மெய்யிடத்திற்கு வடமேற்கே 100 மீட்டரில் ஒரு கற்குவாரி இருப்பதாகக் கொள்வோம். மாற்றப்படாத எண்ணால் குறித்த வரைபடத்தில் அது ஏறத்தாழ 325 மீட்டருக்கு அப்பால், இரு வளையங்களுக்கும் வெளியே தோன்றும். தென்கிழக்கே 225 மீட்டரில் உள்ள குவாரியோ சின்னத்தின் மேலேயே அமைந்ததாகத் தோன்றும். முதலாவது சின்னத்திற்குக் கேடு. இரண்டாவது ஆய்வாளர் கூற்றின் நம்பகத்திற்குக் கேடு.

சட்டப்படியான எல்லை களத்தில் அளந்து நிறுவப்படுவதே. எனினும் முறையீட்டிற்கும் கள ஆய்விற்கும் தூண்டுகோலாக அமைவது பெரும்பாலும் ஆய்வாளர் வெளியிட்ட அமைவிடக் குறிப்பே. கருங்கல் குவாரிகள் மிகுந்த மேலூர்ப் பகுதியில் இது வெறும் கருதுகோளன்று. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதிகள் 2022இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டன. அத்தகைய எல்லைக்குள் ஒரு தொல்லிடம் அமைகிறதா என்னும் வினாவுக்கு விடை கூறவும் கோல் அறிந்த எண்ணே வேண்டும்.

8. முடிவுரை

சுவடிப் பதிப்பில் மூலபாடத்தை அழித்துவிட்டுத் திருத்தப்பாடத்தை மட்டும் தருவதைப் பதிப்பாசிரியர் ஏற்பதில்லை. ஆயத்தொலைவையும் அவ்வாறே கையாள வேண்டும். மூலத்தில் உள்ள எண், அதன் ஆதாரத்தளம், கோட்டுச்சட்டமும் மண்டலமும், படத்தாள் எண் அல்லது கருவி, அளந்த நாள், துல்லிய எல்லை, மாற்றத்திற்குக் கையாண்ட மதிப்புகள், மாற்றப்பட்ட எண் ஆகியன ஒருங்கே பதிவாதல் வேண்டும். கட்டுரையில் இதற்கு ஓரிரு வரிகளே தேவைப்படும். ஆதாரத்தளம் அறிய இயலாத பழைய எண்ணை 'ஆதாரத்தளம் தெரியவில்லை' எனக் குறித்து அவ்வாறே விட்டுவைப்பது ஊகித்து மாற்றுவதினும் நன்று. பின்வரும் ஆய்வாளர் களத்தில் அளந்து அதனைத் தெளிவுபடுத்த வழி திறந்திருக்கும். கோலைச் சொல்லி நிலத்தை அளந்த கல்வெட்டு மரபை ஆராய்வோர், தம் அளவுக்கும் கோல் கூறுதல் அம்மரபின் தொடர்ச்சியே ஆகும்.